சிவப்பு உறைக் கண்ணாடிப் பொடிக்குப்பி: வாங்குமுன் எங்கே பார்க்க வேண்டும்

கேள்வி இது: வெள்ளைக் கண்ணாடிக் குப்பி, அதன்மேல் சிவப்புக் கண்ணாடி உறை, உறையில் பொன்மீன்கள் செதுக்கியிருக்கிறது, அடியில் சியென்லோங் பேரரசரின் முத்திரை. “பதினெட்டாம் நூற்றாண்டு” என்கிறார் இணையத்தில் விற்பவர். நம்பலாமா? சீன மூக்குப்பொடிக் குப்பிகளைப் புதிதாகச் சேர்ப்பவர் எதைப் பார்த்து வாங்குவது?

முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். வாங்குகிறவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான் என்று போலி செய்கிறவருக்கும் தெரியும். சியென்லோங் 1735 முதல் 1796 வரை ஆண்டவர். அவர் பெயரை அடியில் வெட்டும் வழக்கம் அவர் போய் நூறாண்டு கழித்தும் நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை. பழங்காலத்தின் மீதுள்ள மதிப்பில் வெட்டியவை சில, விலைக்காக வெட்டியவை பல. நான்கு எழுத்தைப் பொறிக்கச் சிறிது நேரம் போதும். குப்பியின் மற்ற இடங்களை ஒழுங்காக முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்கள் செலவாகியிருக்கின்றனவா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. மூக்குப்பொடி ஐரோப்பியர் வழியாகச் சீனாவுக்குப் போனது. ஐரோப்பியர் பொடியை டப்பியில் வைத்தார்கள், சீனர் தக்கை போட்ட குப்பிக்கு மாறினார்கள். காரணம் ஈரம். பொடிமட்டை திறந்து கிடந்தால் பொடி கட்டிப்போவது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த தொல்லைதானே. குப்பியின் வாய் சிறிதாக இருந்தால் காற்று குறைவாகப் போகும். அதனால்தான் உள்ளே அள்ள ஒரு மெல்லிய கரண்டி, தக்கையோடு சேர்த்து மூடியில் தொங்குகிறது. 1696இல் காங்ஷி பேரரசர் பெய்ஜிங்கில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையை அமைத்தார். அதை முன்னின்று நடத்தியவர் கிலியான் ஷ்டும்ஃப் என்ற ஜெர்மானிய ஏசுசபைத் துறவி. ஷான்தோங் மாநிலத்தின் போஷான் ஊரில் கண்ணாடித் தொழில் அதற்கும் முன்பிருந்தே இருந்தது, இன்றும் இருக்கிறது. கடைக்காரர்கள் எல்லாவற்றையும், பெய்ஜிங்கின் பழைய பெயரால், ‘பீக்கிங் கண்ணாடி’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரிலிருந்து ஊரும் தெரியாது, காலமும் தெரியாது.

இனி செய்முறை. இதைப் புரிந்துகொண்டால் சோதனைகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் வெள்ளைக் கண்ணாடியை ஊதிக் குமிழாக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் அதைச் சிவப்புக் கண்ணாடிக் குழம்பில் தோய்த்தால் மேலே ஓர் உறை ஏறும். சீனத்தில் இதற்குத் தாவ்லியாவ் என்று பெயர். பிறகு மெல்ல ஆறவைப்பார்கள். இரண்டு கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் இந்தக் கட்டத்திலேயே வெடிக்கும், அல்லது விரிசல் உள்ளுக்குள் தங்கிப் பின்னால் வெளிவரும். ஆறிய குப்பி பச்சைக்கல் (ஜேடு) வெட்டுகிறவர் போன்ற தொழிலாளியின் கைக்குப் போகும். அவர் கையில் உளி இருக்காது. காலால் மிதித்துச் சுழற்றும் சிறு சாணைச் சக்கரமும், நீரில் குழைத்த கல்தூளும்தான் கருவி. ‘செதுக்குவது’ என்று நாம் சொன்னாலும் நடப்பது தேய்ப்பு. மீன் இருக்கும் இடத்தில் சிவப்பை விட்டுவிட்டு, மீதிச் சிவப்பு முழுவதையும் வெள்ளை தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும்.

ஆகவே மீனைப் பார்க்காதீர்கள், மீனுக்கு இடையில் இருக்கும் வெள்ளைத் தரையைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸ் ஒன்றும் ஒரு மேசை விளக்கும் போதும். குப்பியைச் சாய்த்து, விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளைத் தரையில் ஓடும்படி மெல்லத் திருப்புங்கள். நல்ல வேலையில் அந்த ஒளிக்கோடு வளைவை ஒட்டி வழுக்கிப் போகும். மீனின் வால் குறுக்கிட்டாலும் அந்தப் பக்கம் அதே மட்டத்தில் தொடரும், செதுக்கலே இல்லாத குப்பியின் மேல் மீனை ஒட்டவைத்தது போல. அவசர வேலையில் ஒளிக்கோடு நெளியும், ஆரஞ்சுத் தோல் போல் குழி குழியாகத் தெரியும். வால் உடலோடு சேரும் இடுக்கு, துடுப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கோணம் ஆகிய இடங்களில்தான் சக்கரம் புகுவது கடினம். அங்கே மெருகு ஏறாமல் பால் போல மங்கலாக விட்டிருந்தால், கூலிக்கு நேரம் அளந்து செய்த வேலை. மீனின் விளிம்பை ஒட்டி வெள்ளையில் சிறு வெட்டுத் தடங்கள் ஓடுவதும் அதே கதைதான், சக்கரம் எல்லை தாண்டியிருக்கிறது.

விளிம்பையும் பாருங்கள். சிவப்பு தரைக்கு இறங்கும் இடம் தெளிவான கோடாக இருக்க வேண்டும். தொட்டால் முனை உணர வேண்டும், ஆனால் விரலைக் கீறக்கூடாது. எல்லா விளிம்பும் உருகிய மெழுகு போல உருண்டிருந்தால் அமிலத்திலோ நெருப்பிலோ பளபளப்பேற்றியிருப்பார்கள். செதில் கோடுகள் எல்லாம் ஒரே ஆழத்தில், பக்கவாட்டில் சிறு நடுக்கத்துடன் இருந்தால் மின் துரப்பணத்தின் வைர முனை. பழைய சக்கரம் வெட்டிய கோடு இரு முனையிலும் மெலிந்து, நடுவில் ஆழமாகும். வட்டச் சக்கரம் மேற்பரப்பைத் தொடும் வடிவமே அப்படித்தான். அடியில் உள்ள முத்திரையின் கோடுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஆனால் நல்ல கோடு இருந்தால் நல்ல தொழிலாளி வெட்டினார் என்றுதான் பொருள். சியென்லோங் காலத்தில் வெட்டினார் என்று ஆகிவிடாது.

அச்சில் ஊதிய மலிவுக் குப்பியைப் பிடிப்பது இதைவிட எளிது. கண்ணாடியை அச்சுக்குள் ஊதினால் வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். பஞ்சு சுற்றிய வளைந்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள். வெளியே மீன் இருக்கும் இடத்தில் உள்ளேயும் கம்பி இறங்கினால் அது அச்சு. தேய்த்துச் செய்த குப்பியின் உட்சுவருக்கு வெளியே மீன் இருப்பதே தெரியாது. குறுகிய பக்கங்களில் மேலிருந்து கீழாக ஒரு தையல் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத் தேய்த்து மறைத்திருந்தாலும் கழுத்தோரம் ஒரு துண்டு மிஞ்சும். இன்னும் மலிவான வகையில் சிவப்பு கண்ணாடியே இல்லை, வெள்ளைக் குப்பியின் மேல் பிசின். பல்லில் மெல்லத் தட்டினால் கண்ணாடி கணீரென்று சொல்லும், பிசின் மொத்தென்று சொல்லும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அடர்த்தி பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். மூடியை எடுத்துவிட்டு உலர்ந்த குப்பியை நிறுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். குப்பியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். டம்ளரில் இருக்கும் அதே தண்ணீர் குப்பிக்குள் நிரம்பிக் காற்று முழுதும் வெளியேற வேண்டும். வெளியே நிரப்பிக்கொண்டு வந்து இறக்கினால் உள்தண்ணீரின் எடையும் சேர்ந்து கணக்குத் தப்பும். உலர்ந்த எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுங்கள். 72 கிராம் குப்பிக்குத் தராசு 27 காட்டினால் 2.67. சாதாரணக் கண்ணாடி 2.5 அருகில் வரும், ஈயம் நிறையச் சேர்ந்தது 3ஐத் தாண்டும், பிசின் 1.1 முதல் 1.3க்குள் நிற்கும். இது பொருளைச் சொல்லும், வயதைச் சொல்லாது. உள்ளே ஓவியம் வரைந்த குப்பியை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஓவியம் கரைந்துவிடும்.

குமிழி இருந்தால் பழசு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குமிழி போஷானில் போன மாதம் ஊதிய கண்ணாடியிலும் இருக்கும். அதைவிட மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்த குமிழியின் வாயைப் பாருங்கள். அதன் ஓரம் மெருகோடு மழுங்கி, உள்ளே பலகாலத்து அழுக்கு இறுகியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை தரலாம். அழுக்கையும் சோதிக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இடுக்கைத் தொட்டால் பழுப்புச் சாயம் அப்படியே வந்து ஒட்டுகிறதா? அப்படியென்றால் அது ஷூ பாலிஷ் வகையறா. உள்ளே பொடி ஒட்டியிருப்பதும் சாட்சியாகாது. தேயிலைத் தூளும் புகையிலையும் விலை குறைவு.

உண்மையான தேய்மானம், குப்பி நிற்கும் அடிவளையத்தில் இருக்கும். மேசையில் வைத்து எடுத்து, தள்ளி, சுழற்றி நூறாண்டு புழங்கிய வளையத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும், நீளமும் குட்டையுமாகக் கலந்திருக்கும், மேட்டில் மட்டும் இருக்கும். உப்புத்தாளில் தேய்த்ததென்றால் கீறல்கள் ஒரே திசையில் இணையாக ஓடும், மேசையைத் தொடவே முடியாத பள்ளத்திலும் இருக்கும். வளையத்தின் அகலம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா, அதன் உட்பக்கச் சுவரும் மெருகேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். யார் கண்ணும் போகாத அந்தச் சுவருக்கு மெருகேற்றிய தொழிலாளி, பெரும்பாலும் மற்ற இடத்திலும் ஏமாற்றியிருக்கமாட்டார்.

வாய்க்கும் ஒரு பார்வை தேவை. விழுந்து மூளியான விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்துவது மிகப் பரவலான பழுதுபார்ப்பு. கழுத்து உடம்புக்குப் பொருந்தாமல் குட்டையாக இருக்கும், வாயின் மேற்பரப்பு மற்ற இடத்தைவிடப் புதுப் பளபளப்பாக இருக்கும். மீனின் வால்நுனி உடைந்தாலும் அப்படித்தான், உடைந்த நுனியைத் தேய்த்து வாலையே குட்டையாக்கிவிடுவார்கள். ஒரு பக்க மீனின் வால் மறுபக்கத்து வாலோடு பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பிசினால் நிரப்பிய இடத்துக்கு இருட்டறையில் புற ஊதா டார்ச் போதும், பெரும்பாலான பசைகள் சுற்றியுள்ள கண்ணாடியிலிருந்து வேறுபட்டு ஒளிரும். மூடியை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மூடிகள் தொலைந்து மாறிக்கொண்டே இருந்தவை, பழங்குப்பியில் புது மூடி குற்றமில்லை.

நிறங்களைப் பற்றி ஒன்று. ‘ஐந்து அடுக்கு’ என்று விளம்பரம் வந்தால் எண்ணிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகத் தோய்த்த அடுக்கு வேறு, ஒரே மட்டத்தில் அங்கங்கே ஐந்து நிறக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செதுக்கியது வேறு. இரண்டாவதும் அழகான, மதிப்புள்ள வகைதான், ஆனால் அது ஓர் அடுக்கே. குப்பியின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எல்லா நிறமும் ஒரே தரையிலிருந்து எழும்புவது தெரியும். யாங்சோவ் நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘முத்திரைப் பள்ளி’ என்ற இன்னொரு வகையும் உண்டு. மெல்லிய ஒற்றை உறையில் காட்சி, பக்கத்தில் எழுத்து, சிறு முத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு அது, பதினெட்டு என்று யாராவது விற்றால் விலகிக்கொள்ளுங்கள். உங்கள் குப்பியில் உள்ள பொன்மீன் எல்லாக் காலத்திலும் செய்ததுதான். சீனத்தில் பொன்மீனின் ஒலியும் ‘பொன்னும் பச்சைக்கல்லும்’ என்பதன் ஒலியும் ஏறக்குறைய ஒன்று என்பதால் வாழ்த்துப்பொருளாக விற்றுக்கொண்டே இருந்தது. படத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

அடுத்து விற்பவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள், அது பாதிப் பதிலைச் சொல்லிவிடும். 1911க்கு முந்தைய கலைப்பொருளைச் சீனாவிலிருந்து வெளியேற்ற அந்நாட்டு விதி பொதுவாக அனுமதிப்பதில்லை. பெருநிலச் சீனாவில் இருக்கும் ஒருவர் ‘சியென்லோங் குப்பி’யைச் சாதாரணப் பார்சலில் அனுப்புகிறேன் என்றால், ஒன்று அது புதுசு, இல்லை கடத்தல். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு வேண்டாம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பல பத்தாண்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, ஏல ரசீதோடு வருவதுதான் பாதுகாப்பான வழி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. பழைய கரண்டி தந்தத்தில் இருக்கக்கூடும். தந்தம் கொண்டுவர இங்கே தடை, சுங்கத்தில் குப்பியே சிக்கிக்கொள்ளும். கரண்டியைக் கழற்றிவிட்டு மூங்கில் கரண்டி மாட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஆமை ஓட்டுக் கரண்டிக்கும் இதே விதி. மேலும், நூறாண்டைத் தாண்டிய பொருள் இந்தியாவுக்குள் வந்தபின் தனியார் அதை மீண்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நாளைக்கு ஹாங்காங் ஏலத்தில் விற்றுவிடலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

பணம் அனுப்புமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: இரண்டு முகம், இரண்டு குறுகிய பக்கம், அடி, மூடி எடுத்த வாய் நேர் மேலிருந்து, அடிவளையம் மிக அருகில், பின்னால் விளக்கு வைத்து ஒன்று. கூடவே ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியை மெல்லத் திருப்பும் அரை நிமிட வீடியோ. மேலே சொன்ன ஒளிக்கோடு அதில் தெரிந்துவிடும். அடியையும் முத்திரையையும் மட்டும் நாலு கோணத்தில் அனுப்பிவிட்டு, வாயைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பழகுவதற்கு, மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியின் சேகரிப்பை 2010 முதல் 2015 வரை பான்ஹம்ஸ் நிறுவனம் ஹாங்காங்கில் பத்து ஏலங்களில் விற்றபோது எழுதிய விவரக்குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். ‘அடிவளையத்தில் ஊசிமுனை அளவு சில்லு’ என்ற அளவுக்குக் குறைகளைச் சொல்லியிருப்பார்கள். ஒரு குப்பியின் நிலையை எழுத்தில் எப்படிச் சொல்வது என்பதற்கு அதுவே நல்ல பாடம்.

தொடக்கத்தில் உறைக் குப்பியே வேண்டாம் என்பது என் கருத்து. செதுக்கல் இல்லாத ஒற்றை நிறக் குப்பியை வாங்குங்கள், நீலமோ மஞ்சளோ. கண்ணை இழுக்கப் படம் இல்லாதபோது வடிவம், தோள் வளைவு, அடிவளையம், வாய் ஆகியவைதான் மிஞ்சும். அவற்றைப் பார்க்கப் பழகிவிட்டால் மீனும் டிராகனும் உங்களை ஏமாற்றாது. கண்ணாடிமேல் எனாமல் வண்ணம் தீட்டிய ‘குயுவெஷுவான்’ வகையின் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். இருபதாம் நூற்றாண்டில் யே பெங்சி என்ற கலைஞர் செய்தவை பெரிய சேகரிப்பாளர்களிடமே பழைய அரண்மனைப் பொருளாகப் போய் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஓவியம் வரைந்த குப்பிகள் தனி உலகம். சோவ் லெயுவான் போன்ற ஓவியர்களின் கையெழுத்தோடு பின்னாள் நகல்கள் ஏராளம்.

வாங்கியபின் பராமரிப்பு. பழைய பொடிக் கறையை விட்டுவிடுங்கள், அதனால் கெடுதல் இல்லை. கழுவியே ஆக வேண்டும் என்றால் அறைவெப்பத்தில் உள்ள காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு மென்சோப்பு, பஞ்சு. வெந்நீர் கூடாது, உறையும் உள்கண்ணாடியும் வேறு வேறு அளவில் விரிந்து கீறல் விடும். நகைக்கடை அல்ட்ராசானிக் தொட்டி அதைவிட மோசம், ஏற்கெனவே உள்ளே இருக்கும் விரிசலை ஓடவைக்கும். உள்ளே டிஷ்யூத் திரியை விட்டு ஈரத்தை உறிஞ்சவைத்து, இரண்டு மூன்று நாள் திறந்தே வைத்தபின் மூடியைப் போடுங்கள். கரண்டி அடியைத் தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் மூடும்போதெல்லாம் உள்ளே இடிக்கும். மூடி இறுகிவிட்டால் இடுக்கி வைத்துத் திருகாதீர்கள். மடித்த துண்டின்மேல் பிடித்துக்கொண்டு, தக்கையை இருபக்கமும் மயிரிழை அளவு அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். ஒருநாள் ஆனாலும் ஆகட்டும்.

ஈரத்தைக் கவனியுங்கள். சோடா போன்ற காரம் கூடி, சுண்ணாம்பு குறைந்த கண்ணாடிக்கு நோய் வரும். காங்ஷி காலத்துக் குப்பிகளில் இது அதிகம். காற்றின் ஈரம் காரத்தை வெளியே இழுக்கும். முதலில் கண்ணாடி வியர்த்தது போல் பிசுபிசுக்கும், பிறகு பூத்துப்போகும், கடைசியில் சிலந்திவலை போல நுண்விரிசல் படரும். வந்த விரிசல் போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 45 விழுக்காட்டில் நிறுத்தினால் மேலும் பரவுவது மட்டுப்படும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் அறைக்காற்று அதைவிட வெகுவாக ஈரம். காற்றுப்புகாத பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சிறு ஈரமானி. ஜெல்லை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், 35க்குக் கீழே உலர்ந்தாலும் விரிசல் வாய் திறக்கும். மர அலமாரியும் பிளைவுட்டும் வெளியிடும் அமில ஆவி இத்தகைய கண்ணாடியை வேகமாக அரிக்கும் என்பதால், தேக்கில் செய்த அழகான காட்சிப்பெட்டிக்குச் செலவு செய்யாமல் கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த சாதாரணப் பெட்டியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.